தானே கற்றவர் தன் கணிதத்தை முதலில் யாரிடம் சொல்வது?

கல்லூரியில் கணிதம் படிக்காமல், புத்தகங்களைத் துணையாகக் கொண்டு தானே கற்றுவருகிற ஒருவருக்குச் சில ஆண்டுகள் கழித்து இந்தக் கேள்வி வந்தே தீரும். நோட்டுப் புத்தகத்தில் சில முடிவுகள் சேர்ந்திருக்கும். அவை சரியா, சரியென்றால் புதியவையா, புதியவை இல்லையென்றால் யார் எப்போது கண்டார்கள் என்று சொல்லக்கூடியவர் வீட்டிலும் இருக்கமாட்டார், வேலை செய்யும் இடத்திலும் இருக்கமாட்டார். விஷயம் தெரிந்த ஒருவரிடம் பேசியாக வேண்டும். ஆனால் அப்படிப்பட்டவரிடம் எப்படிப் பேசுவதென்று, கணிதம் கற்றுத்தந்த அந்தப் புத்தகங்கள் எதுவும் கற்றுத்தந்திருக்காது.

நான் வணிகவியல் படித்தவன். நூற்பாலை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். அடுத்தடுத்த எண்களின் வர்க்கங்களைக் கூட்டினால் என்ன வரும், நான்காம் அடுக்குகளைக் கூட்டினால் என்ன வரும், ஆறாம் அடுக்குகளைக் கூட்டினால் என்ன வரும் என்று இரவுகளில் எழுதிப் பார்த்தபோது, அந்தச் சூத்திரங்களின் கடைசி உறுப்பில் 1/6, −1/30, 1/42 என்ற பின்னங்கள் வந்து நின்றன. 6 என்பது 2×3, 30 என்பது 2×3×5, 42 என்பது 2×3×7. பகா எண்கள் இந்த இடத்திற்கு ஏன் வருகின்றன என்ற கேள்வி என்னை விடவில்லை. அதை யாரிடம் கொண்டுபோவது என்று முடிவுசெய்ய நான் எடுத்துக்கொண்ட காலம், சூத்திரங்களைக் கண்டுபிடிக்க எடுத்துக்கொண்ட காலத்தைவிட அதிகம். அதே இடத்தில் நிற்பவர்களுக்கு உதவும் என்றுதான் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

வழிகள் ஐந்து. தொலைவில் இருக்கும் பெரிய அறிஞர் ஒருவருக்கு நேராக எழுதுவது, ஓர் இதழுக்குக் கட்டுரையாகவோ வினாவாகவோ அனுப்புவது, தானே வெளியிட்டுவிடுவது, முறையாகச் சேர்ந்து படித்துவிட்டுப் பிறகு பேசுவது, தன்னைவிடச் சற்றே முன்னே இருக்கிற, பேருந்தில் போய்ச் சேரக்கூடிய ஓர் ஆளைத் தேடிப்போய் எதிரே உட்காருவது. இவற்றை எதைக்கொண்டு அளப்பது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பதில் வருமா, பெயர் கிடைக்குமா என்பவற்றை நான் இரண்டாம் இடத்தில்தான் வைக்கிறேன். என் பேச்சு எந்த வரியில் மற்றவருக்குப் புரியாமல் போகிறது என்பதை எந்த வழி எனக்குக் காட்டித்தரும் என்பதே என் அளவுகோல். தனியாகக் கற்றவரிடம் இல்லாத ஒரே பொருள் அதுதான். வகுப்பறையில் இருந்தவர்களுக்கு அது தேர்வுத்தாளின் சிவப்பு மையில் மாதாமாதம் கிடைத்துவந்தது.

பெரிய அறிஞருக்கு எழுதுவது என்றவுடன் நம் எல்லோருக்கும் ஒரே கடிதம்தான் நினைவுக்கு வரும். 1913 ஜனவரி 16 அன்று, சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் எழுத்தராக இருந்த இராமானுஜன், கேம்பிரிட்ஜில் இருந்த கணிதர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் அது. பிப்ரவரி 8 அன்றே ஹார்டி பதில் எழுதினார். இந்தப் பகுதியை மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டு, நாமும் எழுதினால் போதும் என்று நினைப்பவர்கள் பலர். ஆனால் அந்தக் கடிதத்துக்கு முன்னும் பின்னும் நடந்தவற்றைப் படித்தால், கடிதம் என்ற வழிக்கு எவ்வளவு குறுகிய வாசல் என்பது தெரியும்.

முன்னால் நடந்தது இது. 1912 இறுதியில், சென்னைப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் கிரிஃபித் என்பவர் இராமானுஜனின் முடிவுகளை லண்டனில் தம் ஆசிரியராக இருந்த ஹில்லுக்கு அனுப்பினார். 1 + 2 + 3 + 4 + … என்று முடிவில்லாமல் போகும் தொடரின் மதிப்பு −1/12 என்ற வரி அதில் இருந்தது. விரியும் தொடர்களை, அதாவது கூட்டக் கூட்ட ஒரு நிலையான மதிப்பை நெருங்காத தொடர்களை, கையாளும்போது எல்லோரும் விழுகிற குழியில் இவரும் விழுந்துவிட்டார் என்று ஹில் முடிவுசெய்து, முடிவிலித் தொடர்களைப் பற்றி பிராம்விச் எழுதிய நூலைப் படிக்கும்படி ஆலோசனை சொன்னார். ஹில்லின் பதிலில் அன்பு இருந்தது, அக்கறையும் இருந்தது. தவறு அந்த வரியில் இருந்தது. ‘கூடுதல்’ என்ற சொல்லை வழக்கமான பொருளில் பயன்படுத்தவில்லை என்பதை இராமானுஜன் அங்கே தெளிவாக விளக்கியதாகத் தெரியவில்லை. இத்தகைய தொடர்களுக்கு வேறொரு பொருளில் மதிப்புத் தரும் ரீமானின் ஜீட்டா சார்பை அறிந்த ஒருவர் அதே வரியைப் படித்தால், −1 என்ற இடத்தில் அந்தச் சார்பு கொள்ளும் மதிப்பு அது என்று கண்டுகொள்வார். ஒரே வரிதான், படிப்பவரைப் பொறுத்து ஒரு நேரம் பிழையாகவும் இன்னொரு நேரம் கண்டுபிடிப்பாகவும் தெரிகிறது. எந்தப் பொருளில் எழுதினேன் என்று ஒரு வாக்கியம் சேர்த்திருந்தால், இந்த அதிர்ஷ்ட விளையாட்டுக்கே இடமிருந்திருக்காது.

பின்னால் நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. ஹார்டி நிறுவல்களைக் கேட்டார். பிப்ரவரி 27 அன்று இராமானுஜன் எழுதிய பதிலில், நிறுவும் முறையைச் சொல்லியிருந்தால் நீங்களும் லண்டன் பேராசிரியரைப் போலத்தான் முடிவுசெய்திருப்பீர்கள் என்றார். −1/12 என்று எழுதினால் பைத்தியக்கார மருத்துவமனைதான் எனக்கு உரிய இடம் என்று உடனே சொல்லிவிடுவீர்கள் என்றார். ஒரே கடிதத்தில் முறையை விளக்கினால் உங்களால் தொடர முடியாது என்றும் எழுதினார். தன் முறையை யாரேனும் எடுத்துக்கொள்வார்கள் என்று அஞ்சுகிறாரோ என்ற ஹார்டியின் சக கணிதர் லிட்டில்வுட்டின் ஐயம் ஹார்டியின் வழியாக அவருக்குத் தெரியவந்தபோது, அது தன்னைச் சற்று வருத்தியது என்று ஏப்ரலில் எழுதினார். பகா எண்களைப் பற்றி அவர் கடிதத்தில் சொன்ன கூற்றுகள் சில தவறானவை என்பதும் இந்தக் கட்டத்தில் தெரிந்தது. 2 மேதைகளுக்கு இடையிலேயே, இருவருக்கும் நல்லெண்ணம் இருந்தும், கடிதம் இங்கே சிக்கிக்கொண்டது. சிக்கலை அவிழ்த்தவர் நேரில் வந்த ஆள். 1914 தொடக்கத்தில் விரிவுரை நிகழ்த்தச் சென்னைக்கு வந்த கேம்பிரிட்ஜ் கணிதர் நெவில், இராமானுஜனோடு உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தார்; சில சந்திப்புகளுக்குள் அந்த நோட்டையே கையோடு எடுத்துப்போய்ப் படிக்கும்படி இராமானுஜன் அவரிடம் கொடுத்தார். அறிமுகமற்றவரிடம் நிறுவலை எழுத மனம் வராத ஒருவர், எதிரே உட்கார்ந்து கேட்டவரிடம் நோட்டையே கொடுத்தார் என்பதை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

இன்று இந்த வழி இன்னும் கடினமாகியிருக்கிறது. கவராயத்தையும் அளவுகோலையும் மட்டும் கொண்டு எந்தக் கோணத்தையும் மூன்று சமபாகமாக்கிவிட்டேன் என்று எழுதுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது இயலாது என்பதை 1837இலேயே வான்ட்செல் நிறுவிவிட்டார். இப்படிப்பட்ட கடிதங்களுக்கு நடுவில்தான் நம்முடையதும் போய்ச் சேரும். பதில் வராவிட்டால், காரணம் நம் கணிதமா, நம் எழுத்தா, பெறுபவரின் நேரமின்மையா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. நான் ஒரு பேராசிரியருக்கு 11 பக்கம் எழுதி அனுப்பினேன், பதில் வரவில்லை. அந்த மௌனத்திலிருந்து என்னால் ஒன்றும் கற்றுக்கொள்ள முடியவில்லை என்பதுதான் அதில் எனக்கு நேர்ந்த பெரிய இழப்பு.

இதழுக்கு அனுப்புவது இதைவிட நல்ல வழி. அங்கே படிப்பது ஒருவரின் கடமை. 1911இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வெளிவந்த இராமானுஜனின் முதல் கட்டுரை பெர்னூலி எண்களைப் பற்றியது. எனக்குக் கிடைத்த 1/6, −1/30, 1/42 ஆகியவையும் அந்த எண்களே என்று பின்னர் தெரிந்துகொண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி சிறியதல்ல. பெங்களூரில் இருந்த ஆசிரியர் எம். டி. நாராயண ஐயங்கார், அந்தக் கட்டுரையைத் திருத்தித் தரும்படி பலமுறை திருப்பி அனுப்பினார். இராமானுஜனின் முறைகள் சுருக்கமும் புதுமையும் உடையவை என்றும், தெளிவும் துல்லியமும் குறைந்திருந்ததால் சாதாரண வாசகரால் தொடர முடியவில்லை என்றும் அவர் பதிவுசெய்திருக்கிறார். இராமானுஜனைப் பற்றிய பேச்சுகளில் இந்த மனிதரின் பெயர் அதிகம் வருவதில்லை. புரியாத கட்டுரையைத் தூக்கி எறியாமல், புரியும்வரை திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த ஓர் ஆசிரியர் கிடைப்பது பெரும் பேறு.

அதே இதழில் இராமானுஜன் ஒரு வினாவையும் வெளியிட்டார். √(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …)))) என்பதன் மதிப்பு என்ன? பல மாதங்கள் யாரும் விடை அனுப்பவில்லை. பிறகு அவரே விடை தந்தார். 3 என்பது √9. 9 என்பது 1 + 2×4. அந்த 4 என்பது √16. 16 என்பது 1 + 3×5. அந்த 5 என்பது √25. 25 என்பது 1 + 4×6. இப்படியே போனால் விடை 3. படிப்பவருக்கு உடனே உவகை தரும் விடை இது. ஆனால் பயிற்சி பெற்ற ஒருவர் இதைக் கேட்டவுடன் ஒன்று சொல்வார்: 4 என்பது √(1 + 2×15/2), 15/2 என்பது √(1 + 3×221/12), இப்படியே இதையும் நீட்டிக்கொண்டு போகலாம், அப்படியானால் விடை 4 என்றும் சொல்லலாமா? சொல்ல முடியாது, வர்க்கமூலங்களை ஓரிடத்தில் வெட்டிவிட்டுக் கணக்கிட்டால் கிடைக்கும் மதிப்புகள் 3ஐ நோக்கித்தான் போகின்றன. ஆனால் அதைத் தனியாகக் காட்டியாக வேண்டும். இராமானுஜன் தந்த விடையில் அந்தப் பகுதி இல்லை, பிற்காலத்தவர்கள்தான் நிரப்பினார்கள்.

வல்லுநரோடு கணிதம் பேசுவது என்றால் என்ன என்பதை இந்த ஒரு வினாவைக் கொண்டே விளக்கிவிடலாம் என்று நினைக்கிறேன். விடை சரியாக இருப்பது அவர்களுக்குப் போதாது. அதே வழியில் தவறான விடை ஏன் வராது என்றும் கேட்பார்கள். தானே கற்றவருக்கு இந்தக் கேள்வி தன்னை ஐயப்படுவதுபோல் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அது ஆளைப் பற்றிய கேள்வி இல்லை, வழியைப் பற்றிய கேள்வி என்பது பழகப் பழகத்தான் விளங்குகிறது. அந்தப் பழக்கம் அச்சில் வராது, எதிரே ஒருவர் உட்கார்ந்து 15/2 என்று எழுதிக் காட்டும்போதுதான் வரும். அச்சில் வந்துவிட்டால் எல்லோரும் கேட்பார்கள் என்ற உறுதியும் இல்லை. ஜெர்மனியில் பல்கலைக்கழகப் பதவி இல்லாமல் தனியாக ஆய்வுசெய்த ஹீக்னர், காஸ் எழுப்பிய ஒரு பழைய வினாவுக்கு 1952இல் இதழ் ஒன்றில் விடை வெளியிட்டார். அதில் ஓட்டை இருக்கிறது என்று கருதி ஒதுக்கிவிட்டார்கள். அவர் 1965இல் இறந்தார். அந்த நிறுவல் அடிப்படையில் சரியானதே என்று கணிதர் ஸ்டார்க் காட்டியது அதற்குப் பிறகு.

தானே வெளியிடும் வழியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நாட்டிங்ஹாமில் மாவரைக்கும் காற்றாலை நடத்திய ஜார்ஜ் கிரீன், மின்னியலையும் காந்தவியலையும் கணிதத்தால் ஆராய்ந்த தம் கட்டுரையை 1828இல் சந்தா சேர்த்து அச்சிட்டார். வாங்கியவர்கள் சுமார் 50 பேர். பெரும்பாலோருக்கு அது புரிந்திருக்க வாய்ப்பில்லை. அவர்களில் ஒருவரான பிராம்ஹெட் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவராக இருந்ததால்தான் கிரீனுக்கு அடுத்த படி கிடைத்தது. பின்னாளில் கெல்வின் பிரபு என்று அறியப்பட்ட இயற்பியலாளர் வில்லியம் தாம்சன் அந்தக் கட்டுரையைக் கையில் பெற்று உலகுக்குக் காட்டியது 1845இல். அப்போது கிரீன் இறந்து 4 ஆண்டுகள் ஆகியிருந்தன. இன்று ஆய்வுக் கட்டுரைகளை இணையத்தில் இலவசமாக வைக்கும் ஆர்க்கைவ் தளத்தில் ஏற்றுவதற்கு அச்சுக்கூலி வேண்டாம். ஆனால் முதன்முறை ஏற்றுபவருக்குத் துறையில் இருக்கும் ஒருவரின் பரிந்துரை தேவைப்படலாம். அதாவது, இந்த வழியும் ஓர் ஆளிடம்தான் கொண்டுபோய் விடுகிறது. சிறிய, தெளிவான எண்வரிசை ஒன்று கையில் இருந்தால், ஸ்லோன் 1964இல் தொடங்கிய எண்வரிசைத் தொகுப்பு இன்று இணையக் கலைக்களஞ்சியமாக இருக்கிறது. அங்கே அனுப்புவதைத் தொகுப்பாளர்கள் வரி வரியாகப் படித்துத் திருத்தச் சொல்கிறார்கள். என் அளவுகோலின்படி அது ஒரு நல்ல பயிற்சிக்கூடம்.

முறையாகச் சேர்ந்து படிப்பது பற்றி: முடிந்தவர்கள் செய்ய வேண்டும். கிரீன் 40 வயதில் கேம்பிரிட்ஜில் மாணவராகச் சேர்ந்தார். ஆனால் பட்டம் பெற்ற பிறகுதான் வாய் திறப்பேன் என்று காத்திருப்பது வீண். மார்ஜரி ரைஸ் என்ற அமெரிக்க இல்லத்தரசி, பள்ளிக் கணிதத்தோடு நின்றவர். ஐங்கோண ஓடுகளால் தளத்தை இடைவெளியின்றி நிரப்பும் வழிகளைப் பற்றி 1975இல் ஓர் அறிவியல் இதழில் மார்ட்டின் கார்ட்னர் எழுதிய பத்தியைப் படித்துவிட்டு, தாமே உருவாக்கிக்கொண்ட குறியீடுகளைக் கொண்டு புதிய வகைகளைத் தேடி, 1977க்குள் 4 வகைகளைக் கண்டார். அந்தக் குறியீடு மற்றவர்களுக்குப் புதிர். கார்ட்னர் அதைக் கணிதர் டோரிஸ் ஷாட்ஷ்னைடரிடம் அனுப்ப, அவர் பொறுமையாகப் படித்துப் பொருள் கண்டு, கணிதர்களின் மொழியில் எடுத்துச் சொன்னார். இதில் ரைஸின் அறிவைப் போலவே ஷாட்ஷ்னைடரின் பொறுமையும் பங்குகொண்டது.

இனி, நான் முதலிடம் தரும் வழிக்கு வருகிறேன். 1910இல் இராமானுஜன் திருக்கோவிலூருக்குப் போய், அங்கே துணை ஆட்சியராக இருந்த, 1907இல் கணிதக் கழகத்தைத் தொடங்கிய வி. ராமசுவாமி ஐயரைக் கண்டார். கேட்டது எழுத்தர் வேலை, காட்டியது நோட்டு. பிறகு நெல்லூர் ஆட்சியராக இருந்த இராமச்சந்திர ராவைச் சந்தித்தார். ராவ் பின்னாளில் எழுதிய நினைவுக்குறிப்பு, தானே கற்றவர்கள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய ஒன்று. முதல் சந்திப்பில் இராமானுஜன் சொன்னது பொருளுள்ளதா, பொருளற்றதா என்று தம்மால் தீர்மானிக்க முடியவில்லை என்கிறார் ராவ். மறுபடி வரச் சொன்னார். மறுபடி வந்தபோது, ராவுக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்பதை இராமானுஜன் கணித்துவைத்திருந்தார். எளிய முடிவுகளை முதலில் காட்டினார். அங்கிருந்து படிப்படியாக நீள்வட்டத் தொகையீடுகளுக்கும், மீப்பெருக்குத் தொடர்களுக்கும், கடைசியில் விரியும் தொடர்களைப் பற்றிய தம் கொள்கைக்கும் அழைத்துச் சென்றார். ராவ் முழுவதும் நம்பியது அப்போதுதான். மாதம் 25 ரூபாய் உதவித்தொகை அதன் பயன்.

இரண்டு சந்திப்புகளுக்கும் இடையில் இராமானுஜனின் கணிதம் மாறவில்லை; சொல்லும் வரிசை மாறியது. அந்த மாற்றத்தைக் கற்றுத்தந்தது ராவின் முகம். தபாலில் முகம் போவதில்லை. அடுத்து 1912 மார்ச் முதல் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் வேலை செய்தபோது, அங்கே மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர், திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் முன்பு கணிதம் கற்பித்தவர், இரவுகளில் சிலேட்டை வைத்துக்கொண்டு இராமானுஜனோடு உட்கார்ந்தார். தாண்டிப் போகும் இடைப்படிகளை எழுதும்படி வற்புறுத்தினார். ஹார்டிக்குக் கடிதம் எழுதிய கை, ஓர் ஐயங்காரின் திருத்தங்களையும், ஒரு ராவின் மௌனத்தையும், ஓர் ஐயரின் சிலேட்டையும் கடந்து வந்த கை. கடிதம் அந்த வரிசையில் கடைசியில் வந்தது என்பதைச் சேர்த்துச் சொல்லாமல் அந்தக் கடிதத்தை மட்டும் சொல்வது, கற்பவர்களுக்குச் செய்யும் தீங்கு என்றே கருதுகிறேன்.

இந்த வழிக்குக் குறைகளும் உண்டு. பக்கத்தில் கிடைப்பவருக்கு நம் தலைப்பு தெரியாமலிருக்கலாம். புதியதா என்று சொல்ல முடியாமல் போகலாம். அவருடைய தவறான நம்பிக்கையை நாமும் வாங்கிக்கொள்ளலாம். சென்னையில் இருப்பவர்களுக்குத் தரமணியிலும் சிறுசேரியிலும் சேப்பாக்கத்திலும் கணித நிறுவனங்கள் இருக்கின்றன. சிறு ஊர்களில் இருப்பவர்களுக்கு மேல்நிலைப்பள்ளி ஆசிரியரோ, அருகிலுள்ள கல்லூரியின் விரிவுரையாளரோதான் கிடைப்பார். கிடைத்தாலும் போதும். எனக்குக் கிடைத்தவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர். ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்குப் போவேன். முதல் நாள் நான் நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்து வேகமாகப் பேசிக்கொண்டே போனேன். அவர் என்னை நிறுத்தி, “தம்பி, மூணாவது வரி எங்கேயிருந்து வந்துச்சு?” என்றார். எனக்கு அது கண்ணுக்குத் தெரிகிற உண்மை. எழுத உட்கார்ந்தபோது 2 பக்கம் ஆனது. நடுவில் ஓரிடத்தில், நான் 6 எடுத்துக்காட்டுகளைப் பார்த்துவிட்டு எல்லா எண்களுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொண்டிருந்ததும் தெரிந்தது. 11 பக்கக் கடிதத்தில் அந்த வரி 3 முறை வருகிறது. அந்தப் பேராசிரியர் படித்திருந்தால் அங்கேயே கடிதத்தை மடித்து வைத்திருப்பார், அது நியாயமும்கூட.

ஆகவே என் பரிந்துரை இந்த வரிசையில் அமைகிறது: முதலில் அருகில் உள்ளவர், குறைந்தது ஓராண்டு; பிறகு, ஒரே ஒரு சிறு முடிவையோ வினாவையோ எடுத்துக்கொண்டு இதழ் அல்லது எண்வரிசைக் கலைக்களஞ்சியம்; அதன் பிறகு, அந்தத் தலைப்பிலேயே வேலை செய்கிற ஒருவருக்குக் கடிதம். கடிதம் எழுதும்போது, என்ன தெரியும், என்ன தெரியாது, எதைக் கேட்கிறேன் என்ற மூன்றும் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இங்கிலாந்தின் யார்க்ஷயரில் வசிக்கும் டேவிட் ஸ்மித், அச்சுத்தொழிலில் இருந்து ஓய்வுபெற்றவர்; ஒருபோதும் ஒரே கோலத்தைத் திரும்பத் திரும்ப இடாமல் தளத்தை நிரப்பும் ஒற்றை ஓடு வடிவத்தை 2022இல் கண்டு, அதை அட்டையில் வெட்டி அடுக்கிப் பார்த்தார். நிறுவிவிட்டேன் என்று அவர் யாருக்கும் எழுதவில்லை. இந்த வடிவம் விசித்திரமாக நடந்துகொள்கிறது என்று, ஓடுகளைப் பற்றி முன்பே தமக்கு அறிமுகமான கணினியியலாளர் கிரெய்க் கேப்லனிடம் காட்டினார். 2023 மார்ச்சில் வெளிவந்த கட்டுரையில் நால்வரின் பெயர்களில் முதற்பெயர் ஸ்மித்தினுடையது.

முறையை யாரேனும் எடுத்துக்கொள்வார்களோ என்ற அச்சம் உள்ளவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். என் பின்னங்களின் பகுதிகளில், அதாவது கீழே வரும் எண்களில், எந்தப் பகா எண்கள் வரும் என்பதை வான் ஸ்டௌட்டும் கிளௌசனும் 1840இலேயே தனித்தனியாகக் கண்டு சொல்லிவிட்டார்கள். இதை எனக்குத் தேடித் தந்தவரும் அந்த ஆசிரியர்தான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏமாற்றத்தால் இல்லை, கேட்கத் தகுந்த கேள்வியைத்தான் கேட்டிருக்கிறேன் என்ற நிறைவால். இப்போது அவர்கள் நிறுவலை இருவரும் சேர்ந்து படித்துக்கொண்டிருக்கிறோம். அதில் ஓரிடம் எங்கள் இருவருக்குமே விளங்கவில்லை. அந்த ஓர் இடத்தை மட்டும் கேட்டு, எண் கோட்பாட்டில் வேலை செய்கிற ஒருவருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறேன். அனுப்புவதற்கு முன், பெறுபவராகத் தம்மை எண்ணிக்கொண்டு அதைப் படித்துப் பார்ப்பதாக ஆசிரியர் சொல்லியிருக்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை எடுத்துப்போகிறேன்.